படம்: பெய்ஷென்

பெய்ஷெனின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவனை எதிரில் உட்கார வைத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது. பலமுறை உடைந்து, வைத்தியம் இல்லாமல் தானாகவே ஒட்டிக்கொண்ட மூக்கு. எல்லாம் கோக்-போரு ஆட்டம் தந்த பரிசு. தலை வெட்டிய ஆட்டின் உடலைக் குதிரைமேல் இருந்தபடியே ஒருவனிடமிருந்து ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்தில், நாரின் என்னும் எங்கள் மலைப்பக்கத்து ஊர்களில் அவனை மிஞ்ச ஆளில்லை. சாட்டைக் கட்டையால் எதிராளியின் மணிக்கட்டில் அடிப்பான். குதிரையின் மார்பால் முட்டி ஆளையும் குதிரையையும் சேர்த்துச் சாய்ப்பான். ஒருமுறை எவனோ ஒருவனின் கட்டைவிரல் அவன் சேணக்கயிற்றில் சிக்கிப் பிய்ந்து வந்துவிட்டது. ஆட்டம் முடிந்து குதிரையை நீர்காட்டும்போதுதான் அதைக் கவனித்தானாம். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்த ஆட்டத்தில், ஆடு யார் பட்டியில் பிறந்தது என்று எவனும் கேட்பதில்லை. யார் கையில் இருக்கிறதோ அவனுடையது. பெய்ஷென் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட சட்டம் அது ஒன்றுதான். வாழ்க்கை முழுவதற்கும் அது போதும் என்று நினைத்துவிட்டான் பாவி.

பிறகு ஒரு வசந்தத்தில் இரண்டு குதிரைகளுக்கு நடுவே அவன் முழங்கால் மாட்டிக்கொண்டு நொறுங்கியது. ஆட்டம் போயிற்று. கல்யாணமோ சாவோ, விருந்துக்குக் குதிரையைக் கவிழ்த்துக் கட்டி அறுத்துக் கூறுபோட அவனைக் கூப்பிட்டார்கள். கை சுத்தமான வேலைக்காரன், வயிறு நிறைந்தது. ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது கூட்டத்தின் கூச்சல். ஆட்டைக் கொண்டுபோய் எல்லைக் குழியில் போட்டு வெல்லும் கணத்தில் ஆயிரம் பேர் ஒரே தொண்டையில் கத்துவார்களே, அது. அது இல்லாமல் அவன் வீட்டுக்குள் கட்டிப்போட்ட நாய் மாதிரி அலைந்தான். மனைவி தோதுயாவிடம் எரிந்து விழுந்தான். தேநீர் சூடில்லை என்று கிண்ணத்தைச் சுவரில் எறிந்தான்.

அவனைக் காப்பாற்றியது கைப்பேசி. காப்பாற்றியது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தோம்.

'நம்ம மலை, நம்ம மிருகம்' என்று அதில் ஒரு பக்கம் தொடங்கினான். எங்கெங்கோ எவரெவரோ எடுத்த படங்களைச் சேர்த்துப் போட்டான். கொம்பு சுருண்ட காட்டுச் செம்மறி, பாறையில் தொங்கும் காட்டாடு, ஓநாய், கழுகு. படத்தின் ஓரத்தில் எடுத்தவன் பெயர் இருந்தால் வெட்டிவிடுவான். கீழே 'படம்: இணையம்' என்று எழுதுவான். ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். இதயம் போட்டார்கள், கைதட்டல் போட்டார்கள். பெய்ஷென் திரையைக் கீழிருந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பான். பழைய கூச்சல் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

தோதுயாவின் தம்பி ஜோல்சுதான் முதலில் வாயைத் திறந்தவன். வேட்டைக்காரக் குடும்பம். அவனும் ஒரு காலத்தில் துப்பாக்கியோடு திரிந்தவன்தான்; இப்போது வனவிலங்குக் காப்பகத்தில் காவலர் வேலை. துப்பாக்கி தூக்கிய அதே பொறுமையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பான். ஒருநாள் அக்கா வீட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே அத்தானின் பக்கத்தைப் பார்த்தான்.

"அத்தான், இந்த இணையம்ங்கிறவன் யாரு? எந்த ஊர்க்காரன்?"

"என்னடா கேக்கற?"

"எல்லாப் படத்தையும் அவன்தான் எடுத்திருக்கான் போல. ஓநாயையும் எடுக்கறான், கழுகையும் எடுக்கறான். பனியில படுக்கறதுக்கு நல்ல கம்பளி வெச்சிருப்பானோ?"

தோதுயா சிரித்துவிட்டாள். பெய்ஷெனுக்குச் சுருக்கென்றது. "ஊருல எவன் எடுத்தா என்னடா? நாலு பேரு பாத்தா சந்தோஷம்தான?"

"பாக்கட்டும். எடுத்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அவன் பேரையும் போட்டா கையா தேஞ்சிடும்? பொத்தான அமுக்கினவனுக்குத்தான் படம் சொந்தம். காப்பகத்துல எங்களுக்கு அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க. சட்டமும் அப்படித்தான் இருக்கு."

"சட்டமாம் சட்டம். சட்டத்த வெச்சு நீ பல்லு குத்து மச்சான்" என்று சொல்லி, கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு பெய்ஷென் எழுந்து போனான்.

அந்த வருஷக் கோடைத் தொடக்கத்தில் ஜோல்சு அந்தப் படத்தை எடுத்தான். கறுப்புப் பாறை ஒன்று மேலிருந்து கீழ்வரை பிளந்திருக்கிறது; பிளவின் குறுக்கே வெள்ளையாக ஒரு கல்வரி. அதன் நிழலில் ஒரு பனிச்சிறுத்தை படுத்திருக்கிறாள். அவள் முதுகுமேல் இரண்டு குட்டிகள், ஒன்று அவள் காதைக் கடிக்கிறது. அவள் கண் நேராகப் பார்க்கிறது. எங்கள் மலையில் ஆயுள் முழுவதும் ஆடு மேய்த்தவர்கள்கூட அவளை இப்படிப் பார்த்ததில்லை. ஜோல்சு படத்தை அக்காவுக்கு மட்டும் அனுப்பினான். எங்கே எடுத்தது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வேட்டைக்காரன் இடம் சொல்ல மாட்டான், வீட்டுப் பெண்ணும் கேட்க மாட்டாள்; அந்தக் குடும்பத்துப் பழக்கம் அப்படி.

பெய்ஷென் அதை மனைவியின் கைப்பேசியில் பார்த்தான். உடம்பெல்லாம் அவனுக்குச் சிலிர்த்துவிட்டது. உடனே ஜோல்சுவைக் கூப்பிட்டு, காது கிழியக் கத்தினான்: "ஷிரல்கா மச்சான், ஷிரல்கா!"

வேட்டை முடிந்து இறங்கி வருகிறவனை எதிர்கொண்டு முதலில் எவன் 'ஷிரல்கா' என்கிறானோ, அவனுக்கு வேட்டையில் பங்கு கொடுத்தாக வேண்டும். மறுத்தால் அடுத்த முறை மலை அவனுக்கு ஒன்றும் தராது என்பார்கள். ஜோல்சுவும் வேட்டைக்காரன் ரத்தம்தானே. பெருமையில் சிரித்துவிட்டு, "எடுத்துக்கங்க அத்தான், எடுத்துக்கங்க" என்றான். கண்நிறையப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்துச் சொன்னது.

பெய்ஷென் எடுத்துக்கொண்டான். படத்தைப் பக்கத்தில் ஏற்றினான். ஓரத்தில் இருந்த ஜோல்சுவின் பெயரை வெட்டினான். இணையம் என்று போட மனம் வரவில்லை. வீட்டுச் சொத்து அல்லவா. 'படம்: பெய்ஷென்' என்று எழுதினான். அதோடு விட்டிருக்கலாம். எங்கே எடுத்தது என்று கேட்டு முதல் ஆள் எழுதியவுடன், பாறையின் நிறத்தைப் பார்த்துத் தோராயமாக அடித்துவிட்டான்: 'எங்கள் கரா-தோர் பள்ளத்தாக்கு.'

படம் பற்றிக்கொண்டது. தலைநகரத்து ஆட்கள், எல்லைக்கு அப்பாலிருந்த ஆட்கள், யார் யாரோ பகிர்ந்தார்கள். வானொலியில் கூப்பிட்டுப் பேசினார்கள். "எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டதற்கு, பனியில் படுத்துக் கிடந்த கதையை அவன் கால்மணி நேரம் அளந்தான். ஜோல்சு சொல்லிக் கேட்ட கதைதான், வார்த்தை மாறாமல்.

பக்கத்து ஊரில், மணப்பெண்ணுக்குக் காதணி போடும் விருந்து. பெய்ஷென் அறுத்த குதிரை அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. அவன் கை முழங்கைவரை ரத்தமாக நின்றிருந்தபோது ஜோல்சு நேராக வந்தான்.

"அத்தான், என் பேரப் போடு. இல்ல, படத்த எடு."

"ஷிரல்கா சொன்னேன். குடுத்த. குடுத்தத வாந்தி எடுக்கச் சொல்றியா?"

"ஷிரல்கா சொன்னா ஒரு தொடைக்கறி குடுப்பாங்க. நீ தோலு, தல, கொம்பு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போய், நான்தான் சுட்டேன்னு வானொலியில வேற சொல்ற. எவன் செய்வான் இத? அதுவும் இடத்தோட பேரு! எவனாவது இடத்தப் போடுவானா அத்தான்? குட்டியோட இருக்கா அவ!"

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "அப்ப அது உன் படம் இல்லயா பெய்ஷென்?" என்று கேட்டே விட்டார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் காரணம். பெய்ஷெனின் கை தானாகப் போயிற்று. மச்சானின் வாயில் விழுந்த குத்து அது; குதிரையின் ரத்தமும் மனிதனின் ரத்தமும் ஒன்றாகக் கலந்து தாடையில் வழிந்தது. ஜோல்சு அண்டாவின்மேல் சாய்ந்து கையைச் சுட்டுக்கொண்டான். எழுந்தபோது முன்பல் ஒன்று இல்லை. திருப்பி அடிக்கவில்லை. அக்கா புருஷன் என்று விட்டானோ, அவனை அடித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டானோ.

தோதுயா தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது திரும்பி, "இன்னிக்கு நான் வீட்டுக்கு வரல. நாளைக்கும் வரல. உங்க படத்தையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெய்ஷென் வீட்டில் தனியே கிடந்தான். படத்தை எடுக்கவில்லை. எடுத்தால் தோற்றுப்போனதாகிவிடும். ஆனால் இதயங்களும் கைதட்டல்களும் அதன்பின் அவனுக்கு ருசிக்கவில்லை என்பதும் உண்மை. திரையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பல் போன வாய்தான் முன்னே வந்தது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாததால் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

அப்படி ஒரு காலை, கொட்டகையில் அவன் ஓர் ஆட்டை உரித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். தோல்சட்டை போட்ட ஒருவன் பெரியவன் மாதிரித் தெரிந்தான். இன்னொருவன் நெட்டை, தோளில் உறைபோட்ட துப்பாக்கி. மூன்றாமவன் ஜீப்பைவிட்டு நகரவில்லை.

"பெய்ஷென் நீதான?" என்றான் தோல்சட்டைக்காரன்.

"ஆமா. விருந்தா? குதிரையா, ஆடா?"

"சிறுத்த." கைப்பேசியை நீட்டிக் காட்டினான். "கரா-தோர்னு போட்டிருந்த. அங்க பாறை பாறையா ஏறி இறங்கியாச்சு. ஒரு எலி கூட இல்ல. எங்கள வெச்சு விளையாடறியா?"

பெய்ஷெனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்களுக்கு வேண்டியது அவள் தோலும், உயிரோடு இரண்டு குட்டிகளும். கத்தி கையில்தான் இருந்தது. அதை உயர்த்துவதற்குள் நெட்டையன் துப்பாக்கிக் கட்டையால் அவன் முழங்காலில், சரியாக அந்த நொறுங்கிய முழங்காலில், இறக்கினான். ஆட்டுக் குடலின்மேல் விழுந்தான் பெய்ஷென்.

அவனைத் தூக்கி, எலும்பு வெட்டும் மரக்கட்டைக்கு எதிரில் உட்கார வைத்து, வலது கையைக் கட்டையின்மேல் வைத்து அழுத்தினார்கள். அவனுடைய கோடரியையே தோல்சட்டைக்காரன் எடுத்துக்கொண்டான், மழுங்கிய பக்கத்தைத் திருப்பிப் பிடித்து.

"எங்க எடுத்த?"

அவன் வாய்நுனிவரை உண்மை வந்து நின்றது. 'நான் எடுக்கல. என் மச்சான் எடுத்தான்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் விட்டுவிடுவார்கள். ஜீப் திரும்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜோல்சுவின் வீட்டுக்குப் போகும். அங்கே ஜோல்சு இருக்கிறான், தோதுயா இருக்கிறாள். ஜோல்சு இடம் சொல்ல மாட்டான். கொன்றாலும் சொல்ல மாட்டான். அதனால் கொன்றுவிடுவார்கள்.

"எங்க எடுத்த? இல்ல, வேற எவனாவது எடுத்ததா? வானொலியில உளறினத நானும் கேட்டேன். படுத்துக் கிடந்த ஆளோட பேச்சு மாதிரி இல்லயே அது."

"நான்தான் எடுத்தேன்" என்றான் பெய்ஷென்.

கோடரி இறங்கியது. சுண்டுவிரல்.

"யாரு படம்?"

"என் படம்."

அடுத்த விரல். குதிரைகளின் எலும்பு ஒடியும் சத்தம் அவனுக்குத் தெரியும். தன் எலும்பும் அதே சத்தம்தான் போடுகிறது என்பது ஆச்சரியமாக இருந்தது. கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "என் படம்டா நாயே, என் படம்" என்று கத்தினான். வானொலியில் சொன்னபோது வெறும் பீற்றலாக இருந்த அதே வார்த்தை. இப்போது அதை விட்டால் மச்சானும் மனைவியும் போய்விடுவார்கள் என்பதால், ஆட்டத்தில் ஆட்டைக் காலுக்கடியில் இறுக்கிக்கொள்வதுபோல அதை இறுக்கிக்கொண்டான். அவன் வாழ்வில் இதைவிடப் பெரிய ஆட்டம் அவன் ஆடியதில்லை, பார்க்க ஓர் ஆள்கூட இல்லாமல்.

மூன்றாவது விரலுக்குப் பிறகு தோல்சட்டைக்காரனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "சரி, உன்னோடதுதான். அப்ப எங்கன்னு சொல்லு. இல்லன்னா அடுத்த கை."

பெய்ஷென் யோசித்தான். வெறும் மேட்டுக்கு இவர்களை இழுத்துப் போய் அலைக்கழித்தால், வெயில் சாய்வதற்குள் ஓய்ந்து போவார்கள். வழியில் ஏதாவது செய்யலாம், யாராவது பார்க்கலாம். எந்த மேடு? சூக்-பெல். அங்கே புல் கிடையாது, தண்ணீர் கிடையாது. எந்த ஆட்டுக்காரனும் போக மாட்டான். ஊதக்காற்றும் சரளைக்கல்லும்தான்.

"சூக்-பெல்" என்றான். "நான் கூட்டிட்டுப் போறேன்."

ஜீப் போகும்வரை போய், மூன்றாமவனை அங்கே காவலுக்கு வைத்துவிட்டு ஏறினார்கள். முழங்கால் தாங்காததால் பெய்ஷெனை அவன் குதிரைமேலேயே ஏற்றி, நல்ல கையைச் சேணத்தோடு கட்டினார்கள். மற்ற இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வழியில் அவன் தண்ணீர் கேட்டபோது நெட்டையன் முகத்தில் துப்பினான். பெய்ஷென் சிரித்தான். போங்கடா, போய்க் கல்லை எண்ணுங்கடா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கணவாயைத் தாண்டி உச்சி வெயிலில் சரிவைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

எதிரே கறுப்புப் பாறை. மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. பிளவின் குறுக்கே வெள்ளைக் கல்வரி. அந்தப் பாறையை அவன் திரையில் ஆயிரம் முறை பார்த்தவன். வரி எங்கே வளைகிறது, எங்கே மெலிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே வரைவான். இங்கேயா? இங்கேதானா? எவரும் வராத இடம் என்பதால்தானே அவள் இங்கே குட்டி போட்டிருக்கிறாள்! இது தெரிய ஒரே ஓர் ஆளுக்குத்தான் வழி. பாறைக்குப் பின்னால் படுத்துக் கிடந்தவனுக்கு.

"அடியே, ஓடு! ஓடு!" என்று மலை அதிரக் கத்தினான் பெய்ஷென். பிளவின் நிழலில் குட்டிகளோடு படுத்திருந்த அவளுக்குச் சொன்னது. துப்பாக்கிக் கட்டை அவன் தாடையில் இறங்கியது. ஆனால் அந்தக் கத்தலுக்கு அவள் ஓடவில்லை, எழுந்து நின்றாள். குட்டிகளுக்கும் சத்தத்துக்கும் நடுவே வந்து நின்று, நேராகப் பார்த்தாள். நெட்டையன் மண்டியிட்டுச் சுட்டான். அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். பின்னங்கால்கள் வரவில்லை, முன்னங்கால்களால் பிளவை நோக்கி இழுத்துக்கொண்டு போனாள், கல்லில் சிவப்பாகக் கோடு போட்டபடி. இரண்டாவது குண்டில் அடங்கிவிட்டாள்.

பெய்ஷென் குதிரையின் விலாவில் குதிகாலை இறக்கினான். கட்டிய கையோடு, உடைந்த விரல்களோடு, சரிவில் குதிரையை நேராக நெட்டையன்மேல் விட்டான். குதிரையின் மார்பு அவன் முதுகில் மோதியது. துப்பாக்கி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாகச் சரளையில் உருண்டு போய்ப் பாறையில் இடுப்பு அடிக்க விழுந்தான். அவன் அலறல் ஓயவே இல்லை. குதிரையும் கால் தவறிச் சாய்ந்தது. சேணக்கயிறு அறுந்து பெய்ஷென் கீழே வந்து விழுந்த இடத்தில் தோல்சட்டைக்காரன் இருந்தான். கல்லை எடுத்து அடித்தான் அவன். பெய்ஷென் கையால் பிடிக்க முடியாமல் பல்லால் பிடித்தான். காது என்று நினைக்கிறான், கன்னமாகவும் இருக்கலாம். வாயெல்லாம் உப்பாக ஆகும்வரை விடவில்லை. அடி விழ விழ விடவில்லை. கடைசியில் எங்கிருந்தோ இன்னொரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. தோல்சட்டைக்காரன் உதறிக்கொண்டு ஓடினான். பக்கத்து முகட்டில் ரோந்து வந்திருந்த ஜோல்சு, வேட்டு கேட்டுக் குதிரையை விரட்டி வந்து, வானத்தைப் பார்த்துச் சுட்டது அது.

ஜோல்சு கைப்பேசியில் சொல்ல, தோல்சட்டைக்காரனையும் ஜீப்காரனையும் கீழே பாலத்தில் ஊர்க்காரர்கள் மறித்துக்கொண்டார்கள். காவல்துறை வருவதற்குள் அடித்த அடியில் யார் எவன் என்று அடையாளம் சொல்ல முடியாமல் போயிற்று. நெட்டையனைக் கம்பளியில் கட்டித் தூக்கிவந்தார்கள். காப்பகத்து ஆட்கள் பாறையைச் சுற்றியும் பிளவுக்குள்ளும் தேடினார்கள். ஒரு குட்டி கிடைத்தது, உயிரோடு. இன்னொன்று கிடைக்கவில்லை.

மாவட்ட மருத்துவமனையில் பெய்ஷெனின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கை ஒரு வெள்ளை உருண்டையாக மார்பில் கிடந்தது. தோதுயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை அவன் பல்லுக்குள்ளாகவே சொன்னான். அவள் அழுதுகொண்டே ஆட்டுச்சாறு புகட்டினாள். அவனுக்கு அதுவே போதும் என்று இருந்தது. ஆனால் அவன் காத்திருந்தது மச்சானுக்காக. மச்சான் வருவான், கட்டிக்கொள்வான், கணக்கு நேராகிவிடும் என்று நம்பினான். மனிதன் நம்பத்தானே செய்வான்.

ஜோல்சு வந்தான். உட்காரவில்லை.

"உன் பேரச் சொல்லல மச்சான்" என்றான் பெய்ஷென். "விரல ஒண்ணொண்ணா உடைச்சானுங்க. நான் சொல்லவே இல்ல."

"அக்கா சொன்னா." ஜோல்சு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேசும்போது பல் போன சந்தில் காற்று போயிற்று. "நீ எப்பதான் அத்தான் என் பேரச் சொன்ன? சொல்ல வேண்டிய அன்னிக்கு என் பேரப் போட்டிருந்தா, அவனுங்க என்கிட்ட வந்திருப்பானுங்க. எது வெறும் மேடு, எது அவ வீடுன்னு எனக்குத் தெரியும். செத்தாலும் நான் அங்க கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியாதுடா... சத்தியமா தெரியாது..."

"தெரியாது. எப்படித் தெரியும்? படம் உன்னோடதா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

தோதுயா, "விடுடா, அடிபட்டுக் கெடக்கற மனுஷன்கிட்ட" என்றாள். ஜோல்சு விடவில்லை. தன் கைப்பேசியில் எதையோ தட்டினான். தலையணைக்கடியில் இருந்த பெய்ஷெனின் கைப்பேசி முனகியது. தோதுயா அதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சரளைக்கல். அதன்மேல் அவள் பக்கவாட்டில் கிடந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பின்னங்காலிலிருந்து முதல் குண்டு பட்ட இடம்வரை சிவப்புக் கோடு. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, பால் குடிக்கிறது.

"இத உன் பக்கத்துல போடு" என்றான் ஜோல்சு. "அனுமதி குடுத்துட்டேன். உன் பேர்லயே போட்டுக்க. இது முழுக்க உன்னோடது."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். தாழ்வாரத்தில் அவன் பூட்ஸ் சத்தம் தேய்ந்தது. பெய்ஷென் அழுதான். தாடை கட்டியிருந்ததால் அழுகை மூக்கு வழியாக ஒரு மிருகத்தின் சத்தமாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வெட்கப்படவில்லை. பழைய படத்தை எடுத்துவிடச் சொன்னான். தோதுயா எடுத்தாள். பிறகு இந்தப் படத்தை ஏற்றச் சொன்னான். ஏற்றினாள்.

"கீழ எழுது" என்றான். "படம்: ஜோல்சு."

எழுதினாள்.

"அடுத்த வரி. கொன்னது: பெய்ஷென்."

தோதுயாவின் விரல் நின்றது. "வேணாங்க. ஊரே பாக்கும். நாளைக்கு உங்கள ஒரு விருந்துக்குக் கூப்பிட மாட்டாங்க."

"எழுதுடி. என் கையால எழுத முடியல, அதனாலதான் உன்னக் கேக்கறேன்."

அவள் எழுதினாள். அவன் கண்முன் பிடித்துக் காட்டினாள். பெய்ஷென் இரண்டு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.